நடுங்கும் எழுத்து: தமிழில் ரேண்டம் எழுத்துரு செய்யும்போது எதை அசைக்கலாம், எதை விட்டுவைக்க வேண்டும்

பியோவுல்ஃப் எழுத்துருவை ஃபான்ட்ஷாப் 1990-ல் வெளியிட்டது. செய்தவர்கள் டச்சு வடிவமைப்பாளர்கள் யுஸ்ட் வான் ரோஸமும் எரிக் வான் பிளாக்லண்டும். பிரின்டருக்குப் பக்கத்தை வரையச் சொல்லும் மொழியான போஸ்ட்ஸ்கிரிப்ட்டில் நேர்கோட்டுக்கு ‘லைன்டூ’, வளைவுக்கு ‘கர்வ்டூ’ என்று இரண்டு கட்டளைகள் உண்டு. அவற்றுக்குப் பதிலாக ‘ஃப்ரீக்டூ’ என்ற கட்டளையை இவர்களே எழுதிச் செருகினார்கள். அது ஒவ்வொரு புள்ளியையும் கொஞ்சம் நகர்த்திவிட்டுத்தான் கோடு போடும். ஒரே பக்கத்தில் ஓர் எழுத்து பத்து முறை வந்தால் பத்தும் பத்து விதம். நடுக்கத்தின் அளவைப் பொறுத்து ஆர்21, ஆர்22, ஆர்23 என்று மூன்று வகை.

டொனால்ட் கனூத் 1988-ல் மெட்டாஃபான்ட் என்ற எழுத்துரு நிரல்மொழியில் செய்த ‘பங்க்’ எழுத்துருவிலும் புள்ளிகள் தற்செயலாகத்தான் விலகின. ஆனால் எழுத்துரு ஒருமுறை உருவாகிவிட்டால் வடிவம் உறைந்துவிடும். பியோவுல்ஃபில் குலுக்கல் பிரின்டருக்குள்ளேயே, அச்சாகும் நேரத்தில் நடந்தது. அந்த வேறுபாடுதான் அதைப் பெரிய விஷயமாக்கியது.

தமிழில் இதைச் செய்யும்போது, எவ்வளவு அசைப்பது என்ற கேள்விக்கு முன்னால் எது பெரிதாக அசையக் கூடாது என்று தீர்மானித்துவிடுங்கள். அளவு அதற்குப் பிறகு எளிதாக வரும்.

1000 அலகுக் கட்டத்தில் வரைந்த எழுத்தை 12 பாயின்ட் அளவில், 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 மைப்புள்ளி) பிரின்டரில் அச்சிட்டால் முழு உயரத்துக்கு 100 மைப்புள்ளிகளே கிடைக்கும். 10 அலகுக்கு ஒரு மைப்புள்ளி. ±8 அலகு நடுக்கம் அங்கே ஒழுங்காகத் தெரியாது. அச்சு மோசம் என்றுதான் படிப்பவர் நினைப்பார். அதே எழுத்து 72 பாயின்ட்டில் வந்தால் 10 அலகுக்கு 6 மைப்புள்ளிகள், நடுக்கம் தெளிவாகத் தெரியும். ஆகவே அளவைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அச்சாகப்போகும் அளவிலேயே ஒரு தாள் எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது கோட்டுத் தடிமன். கோடு 80 அலகு, அதன் இரு பக்கப் புள்ளிகளும் தனித்தனியாக ±20 நகர்கின்றன என்றால், தடிமன் 40 முதல் 120 வரை எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கும். பத்தி முழுக்கத் திட்டுத் திட்டாகக் கருமை ஏறும். இதைத் தவிர்க்க ரேண்டமுக்குப் பதில் பெர்லின் நாய்ஸ் நல்லது: அருகருகே இருக்கும் புள்ளிகளுக்கு அது கிட்டத்தட்ட ஒரே விலகலைத் தரும். புள்ளியின் ஆயத்தை (அதன் இடத்தைச் சொல்லும் எண்ணை) 0.001-ஆல் பெருக்கிக் கொடுத்தால் 80 அலகு இடைவெளி 0.08 ஆகிவிடும். இரு பக்கமும் சேர்ந்தே நகரும், தடிமன் பெரிதாகக் கெடாது, எழுத்து மட்டும் வளையும். வளைவுப் புள்ளியை நகர்த்தும்போது அதன் இரண்டு ஹேண்டில்களையும் (வளைவின் திசையைப் பிடித்திருக்கும் துணைப் புள்ளிகளையும்) அதே அளவு நகர்த்துங்கள். இல்லையென்றால் வழவழப்பான இடத்தில் முனை முளைக்கும்.

நிரல் எழுதிப் படம் வரைய உதவும் பி5.ஜேஎஸ் நூலகத்தின் நாய்ஸில் மூன்று பொறிகள் இருக்கின்றன. அது 0 முதல் 1 வரை தருவதால் 0.5-ஐக் கழித்தாக வேண்டும். கிடைக்கு ஒன்று, நெடுக்கைக்கு ஒன்று என்று இரண்டு முறை வெவ்வேறு இடத்திலிருந்து எடுக்க வேண்டும். ஒரே மதிப்பை இரண்டுக்கும் போட்டால் எல்லாப் புள்ளிகளும் ஒரே மூலைவாட்டில்தான் ஓடும். மூன்றாவதுதான் கண்டுபிடிக்கச் சிரமம்: எதிர்ம எண்ணை அது நேர்மமாக எடுத்துக்கொள்ளும். அடிக்கோட்டை 0 என்று வைத்திருந்தால், கு, ரு, ஞ போன்றவற்றில் கீழே இறங்கும் பகுதி மேல்பகுதியின் விலகலையே கண்ணாடிபோல் திரும்பப் பெறும். ஆயத்தோடு 10,000 கூட்டிவிட்டால் தீர்ந்தது.

இனி பெரிதாக அசையக் கூடாதவை. ெ, ே இரண்டையும் பிரிப்பது மேலே உள்ள ஒரு சுழி. ர-வையும் ா-வையும் பல எழுத்துருக்களில் பிரிப்பது கீழே ஒரு சிறு வால். ன, ண வேறுபாடு ஒரு சுழி. புள்ளி தேய்ந்தால் க் என்பது க ஆகிவிடும். இந்த இடங்களில் உள்ள நோட்களை (கோட்டைத் தாங்கும் புள்ளிகளை)த் தனியாகக் குறித்துவைத்து, விலகலை நான்கில் ஒன்றாகக் குறையுங்கள். மெய்யின் புள்ளியை வட்டம் மாறாமல் மொத்தமாக நகர்த்தலாம். வட்டத்தைச் சிதைக்க வேண்டாம். சின்ன வட்டம் உருக்குலைந்தால் மைக்கறைபோல் இருக்கும்.

எழுத்துருக் கோப்பிலிருந்து புள்ளிகளை எடுக்கும் நூலகத்தில் முதலில் ‘கெ’ போட்டுப் பாருங்கள். ஷேப்பிங் (குறிகளைச் சரியான வரிசையில் அடுக்கும் வேலை) இல்லையென்றால் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். மேக்கில் நிரலால் வரையும் டிராபாட் செயலி இதைச் சரியாகவே செய்கிறது. மற்றவர்கள் இங்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில் சொல்லைப் பாதையாக மாற்றி எஸ்விஜி-யாக எடுத்துக்கொள்ளலாம்.

சீட் எண்ணை (ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்; அதே சீட் கொடுத்தால் அதே வரிசை வரும்) கோப்பின் பெயரிலேயே சேருங்கள். பி5-ல் ரேண்டம்சீட் வேறு, நாய்ஸ்சீட் வேறு. இரண்டையும் போட வேண்டும், படத்தை ஒருமுறை மட்டும் வரைந்து நிறுத்தும் நோலூப்பும் வேண்டும். நடுவில் ஒரே ஒரு ரேண்டம் அழைப்பைப் புதிதாகச் சேர்த்தாலும் அதற்குப் பிறகு வரும் எல்லா எண்களும் மாறிவிடும், வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட போஸ்டர் திரும்பக் கிடைக்காது. ஒவ்வோர் எழுத்தையும் வரையும் முன் தனி சீட் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை: போஸ்டர் எண்ணை 1000-ஆல் பெருக்கி எழுத்தின் வரிசை எண்ணைக் கூட்டினால் போதும்.

தட்டச்சு செய்யக்கூடிய எழுத்துருவாக வேண்டுமென்றால் வழி வேறு. புதிய மென்பொருள்கள் அச்சு நேரக் குலுக்கலுக்கு இடம் கொடுப்பதில்லை. ஓர் எழுத்துக்குப் பல வடிவங்கள் வரைந்து, ஓபன்டைப் எழுத்துரு வடிவத்தின் ‘கால்ட்’ விதியால் (பக்கத்து எழுத்தைப் பார்த்து வடிவத்தை மாற்றும் விதி) வரிசையாகச் சுழற்ற வேண்டும். எத்தனை வடிவம் என்பதற்கு இரட்டைக்கிளவியே நல்ல சோதனை. இரண்டு வடிவம் இருந்தால் ‘சலசல’ சிக்கும்: ச முதல் வடிவம், ல இரண்டாவது, மறுபடி அதே ச, அதே ல. மூன்றாக்கினால் இது சரியாகும். ஆனால் ி தனிக் குறியாக உள்ள எழுத்துருவில் ‘கிடுகிடு’ என்பது க, ி, டு என்று மும்மூன்றாக வரும். பாதிகள் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே ஆகும். நான்கு வடிவம் இரண்டையும் காப்பாற்றும். ஐந்து வரைய நேரம் இருந்தால் ஐந்தே வரையுங்கள். இடைவெளியையும் சுழற்சியில் ஓர் இடமாக எண்ணும்படி விதி எழுதினால், சொல் மாறும் இடத்திலும் வரிசை முதலிலிருந்து தொடங்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.