காற்று, பிரேக், அப்புறம் அந்த கியர் ஆயில்

என் ஆக்டிவா ஸ்கூட்டரில் பின்னால் மகளும் வருவதால், காற்று விஷயத்தில் நான் ரொம்பக் கறார். முன் டயருக்கு 22 psi (காற்றழுத்த அளவு), பின் டயருக்கு தனியாகப் போனால் 29, பின்னால் ஆள் இருந்தால் 36. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் தம்பி இரண்டுக்கும் 30 வைக்கப் பார்ப்பார். நாம்தான் அளவைச் சொல்லிக் கேட்க வேண்டும். டயர் சூடாகும் முன், பக்கத்து பங்கிலேயே பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் பிரேக். டிரம் பிரேக் என்றால் பின் சக்கரத்துக்கு அருகே குனிந்து, யாரையாவது லீவரை அழுத்தச் சொல்லுங்கள். டிரம்மின் வெளியே பிரேக் கேபிள் இழுக்கும் ஆர்மில் இருக்கும் அம்புக்குறி நகர்ந்து, டிரம் மூடியில் உள்ள குறிக்கு நேராக வந்துவிட்டால், உள்ளே உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் ஷூ தேய்ந்துவிட்டது. அதற்கு மேல் பிரேக்கை டைட் செய்யும் நட்டை இறுக்கிப் பயனில்லை, ஷூவை மாற்றத்தான் வேண்டும். "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்மா" என்று சொல்லும் மெக்கானிக்குகள் உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள்.

இரண்டு லீவருக்கும் பிரேக் லைட் எரிகிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள்.

எஞ்சின் ஆயில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பின் சக்கரத்துக்கான கியர் ஆயில் வேறு. அது பலருக்குத் தெரிவதே இல்லை. வண்டியை சர்வீஸுக்கு விடும்போது அதையும், எஞ்சின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் பெல்ட்டில் விரிசல் இருக்கிறதா என்பதையும் வாய்விட்டுக் கேளுங்கள்.