கழற்றி வைக்கக்கூடிய இரண்டாவது டீசல் டேங்க்

மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தின் மண் பாதையான கேனிங் ஸ்டாக் ரூட் போகிறேன் என்றாலே பெர்த் நண்பர்கள் முதலில் கேட்பது டீசலுக்கு என்ன செய்யப் போகிறாய் என்றுதான். நியாயமான கேள்வி. விலுனாவிலிருந்து ஹால்ஸ் க்ரீக் வரை ஏறக்குறைய 1850 கிலோமீட்டர், நடுவில் டீசலுக்கு நம்பிப் போகக்கூடிய இடம் குனவாரிட்ஜி என்ற சிறு குடியிருப்பு, அதற்கே விலுனாவிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் போல ஆகும். என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பின் டேங்க் 80 லிட்டர். தார் ரோட்டில் நூறு கிலோமீட்டருக்கு ஒன்பது லிட்டரில் ஓடுகிற வண்டி, மணல் மேடுகளில் ஏறி இறங்கும்போது பதினெட்டு, இருபது என்று குடிக்கும். ஆக, 200 லிட்டரும் கொஞ்சம் கையிருப்பும் வேண்டும்.

ஜெர்ரி கேன் எனும் கைப்பிடி வைத்த எரிபொருள் கேன்களைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. இருபது லிட்டர் கேனைக் காற்றடிக்கிற வெட்டவெளியில் தூக்கிப் பிடித்து ஊற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை சீக்கிரம் போய்விடும். வண்டிக்கு அடியில் நிரந்தரமாகப் பெரிய டேங்க் மாட்டலாம், மாதம் தவறாமல் பாலைவனம் போகிறவருக்கு அதுதான் சரி. நமக்கு வருஷத்தில் பாதி நாள் சந்தைக்கும் ஆபீசுக்கும்தானே ஓடுகிறது? அதனால் பின்பக்க டிரேயில் உட்காரும் 140 லிட்டர் டேங்க், வேண்டாதபோது கழற்றி ஷெட்டில் வைத்துவிடலாம்.

டீசல் லிட்டருக்கு 0.84 கிலோ என்று வைத்தாலும் 140 லிட்டர் கிட்டத்தட்ட 118 கிலோ. டேங்க், பட்டை, பம்ப் எல்லாம் சேர்த்தால் 140ஐத் தாண்டும். இதைக் கேபினின் முதுகோடு ஒட்டி வைக்க வேண்டும், டிரேயின் வால் பக்கம் தள்ளினால் முன் சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் கெட்டுப்போகும். உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கிற டேங்காகப் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் பாதி காலியானதும் திருப்பத்தில் டீசல் அலையடிப்பது வண்டியிலேயே தெரியும். கால்வனைஸ் செய்த டேங்க் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து உருவாகும் பிசுக்கு ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் அடைக்கும். அலுமினியம் அல்லது பாலிஎத்திலீன் போதும்.

டேங்க் வாங்குவது சுலபம், டீசலை மெயின் டேங்குக்குக் கொண்டுபோகிற வழியில்தான் விஷயமே இருக்கிறது. பம்ப் எதற்கு, மேலிருந்து தானாக இறங்கட்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மேட்டில் சாய்ந்து நிற்கிற நேரத்தில், நாம் பார்க்காதபோது, வால்வு சரியாக மூடியிருக்கிறது என்று எப்படி நம்புவது? டீசல் ஊற்றும் வாயான ஃபில்லர் கழுத்திலிருந்து மெயின் டேங்குக்குப் போகும் ரப்பர் குழாயை வெட்டி, T வடிவத்தில் ஒரு டி இணைப்பு, அதற்கு 12 வோல்ட் பம்ப், நடுவில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், பேட்டரியிலிருந்து ஃபியூஸ், டாஷ்போர்டில் ஸ்விட்ச். இவ்வளவோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் டிரேயில் இருக்கும் டேங்க் மெயின் டேங்கைவிட உயரத்தில் இருக்கிறது, பம்பை அணைத்த பிறகும் அதன் வழியாகவே டீசல் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கலாம், மெயின் நிரம்பினால் டேங்கின் காற்று போய்வரும் மூச்சுக்குழாய் வழியாக ரோட்டில் வழியும். அதனால் கையால் மூடும் வால்வோ, கரண்ட் இல்லாதபோது மூடிக்கொள்ளும் சொலினாய்டு என்ற மின் வால்வோ கட்டாயம் வேண்டும். கூடவே ஒரு டைமர். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் தள்ளுகிற பம்ப் என்றால், மெயின் டேங்கின் டீசல் முள் கால்வாசிக்கு வந்ததும் இருபது நிமிடம் ஓடவிட்டால் நாற்பது லிட்டர் போய்ச்சேரும், அதற்கு மேல் அதுவே நின்றுவிடும்.

விளிம்புவரை நிரப்பாதீர்கள். காலைக் குளிரில் நிரப்பிய டீசல் மதிய வெயிலில் இருபது டிகிரி சூடேறினால், 140 லிட்டருக்கு இரண்டு லிட்டருக்கு மேல் பருக்கும். குழாய் இணைப்புகளில் கசிவை நிறுத்த டெஃப்லான் டேப் சுற்றுவதும் கூடாது, பிய்ந்த துண்டு பம்பில் போய் உட்காரும்.

பெட்ரோல் வண்டிக்கும் இதையே செய்யலாமா என்று கேட்கிறார்கள். செய்யாதீர்கள். டீசலின் ஆவி தீப்பிடிக்க அறுபது டிகிரிக்கு மேல் போக வேண்டும், பெட்ரோலுக்கு மைனஸ் நாற்பதிலேயே போதும்.

கழற்றுவதற்கு முன் டேங்கைக் காலி செய்துவிட்டு, டி இணைப்பின் வாயில் பித்தளை மூடியைத் திருகிவிடுங்கள், துணியைச் சுருட்டி அடைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். அப்புறம் இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு இந்த மாற்றத்தை எழுத்தில் சொல்லிவிடுங்கள், கழற்றி வைத்திருந்தாலும் அந்த டி வண்டியில்தானே இருக்கிறது.