பாசாவ் முதல் புடாபெஸ்ட் வரை: டான்யூப் கப்பலும் கச்சேரியும்

மே 3, சனி. பாசாவ்

கப்பலில் அறைச்சாவி பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான். பெட்டியை மட்டும் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கையை வீசிக்கொண்டு ஸ்டீபன் பேராலயத்துக்கு நடந்துவிடலாம். மே முதல் அக்டோபர் வரை, ஞாயிறும் திருநாட்களும் தவிர, நண்பகல் 12 மணிக்கு அரைமணி நேர ஆர்கன் வாசிப்பு அங்கே வழக்கம். ஆர்கனில் பராமரிப்பு வேலை நடக்கும் பருவங்களில் இது மாறலாம். பேராலயத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போகவும். 17,974 குழாய்கள், 233 ரெஜிஸ்டர்கள் (ஒரே வகை ஒலி தரும் குழாய் வரிசைகள்). உண்மையில் இது ஒரே ஆர்கன் அல்ல, ஐந்து. அதில் ஒன்று கூரைக்கு மேலே பரணில் இருக்கிறது; அதன் ஒலி மேற்கூரைத் துளை வழியாக இறங்கும். முன்வரிசை வேண்டாம். நடுக்கூடத்தின் மத்தியில் உட்கார்ந்தால்தான் ஒலி முன்னும் பின்னும் மேலேயும் இருந்து வந்து சேரும்.

ஏறியதும் பயணத்திட்டத் தாளைக் கையில் கொடுப்பார்கள். எல்லோரும் ஊர்ப் பெயர்களைப் பார்ப்பார்கள். பாட்டுக்காக வந்தவர் முதலில் பார்க்க வேண்டியது புறப்படும் நேரத்தை. கப்பல் இரவு பத்து, பதினொன்று வரை கரையில் நின்றால் உள்ளூர்க் கலைஞர்கள் ஏறி, வாசித்து, இறங்கிப்போக நேரம் இருக்கும். மாலை ஆறு மணிக்கே கிளம்பினால் அன்றிரவு கப்பலின் சொந்தப் பியானோக்காரர் மட்டுமே. கச்சேரி இழுத்தால் கப்பல் காத்திருக்காது. அந்தத் துறையில் அடுத்த கப்பலுக்கு நேரம் குறித்திருக்கும். கீழே லாக்கிலும் (கப்பலை ஏற்றி இறக்கும் நீர்த்தொட்டி) வரிசை இருக்கும். விளம்பரத்தில் "தினமும் நேரடி இசை" என்று போட்டிருப்பது பொய்யல்ல. ஆனால் அதில் பெரும்பங்கு அந்த ஒற்றைப் பியானோவேதான். குழுக்கள் எந்தெந்த இரவு வருகின்றன என்று பதிவு செய்யும்போதே கேட்டு எழுத்தில் வாங்குவது நல்லது.

அறைத் தேர்வு பற்றி ஒரு வார்த்தை. கச்சேரி நடக்கும் பொதுக்கூடமான லவுஞ்ச் பெரும்பாலும் முன்புறம், இயந்திரம் பின்புறம். லவுஞ்சுக்கு நேர் கீழே இருக்கும் அறையில் பாட்டு கேட்பதைவிட நாற்காலி இழுக்கும் சத்தமும் பேஸ் அதிர்வும்தான் அதிகம் கேட்கும். மூக்குப் பக்கம் கீழ்த்தளத்தில், கப்பல் துறையில் ஒட்டும்போதெல்லாம் முன்பக்கத் தள்ளுவிசை இயந்திரம் விடியற்காலையில்கூட உறுமும். நடுப்பகுதிதான் நிம்மதி. பால்கனிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. கூட்டமான துறைகளில் இரண்டு மூன்று கப்பல்களைத் தோளோடு தோள் கட்டிவிடுவார்கள். அப்போது பால்கனிக்கு எதிரே பக்கத்துக் கப்பல்காரரின் திரைச்சீலைதான் காட்சி.

மே 4, ஞாயிறு. லின்ஸ்

பாசாவிலிருந்து புடாபெஸ்ட் வரை பதினொரு லாக். லின்ஸுக்கு மேலேயே மூன்று: யோகென்ஸ்டைன், ஆஷாக், ஓட்டன்ஸ்ஹைம். நிரம்பிய தொட்டிக்குள் கப்பல் நுழையும், மேல்கதவை மூடித் தண்ணீரை வடிப்பார்கள், கப்பல் அப்படியே இறங்கும், கீழ்க்கதவு திறக்கும். ஆஸ்திரியப் பகுதியில் தொட்டியின் அகலம் 24 மீட்டர். கப்பலோ 11.4 மீட்டர்தான், நீளம் 135 மீட்டர். இந்த 11.4 எங்கிருந்து வந்தது என்றால், ரைன்-மைன்-டான்யூப் கால்வாயின் லாக்குகள் 12 மீட்டர் அகலம். அதற்குள் நுழைகிற மாதிரிதான் பெரும்பாலான கப்பல்களைக் கட்டுகிறார்கள். லவுஞ்ச் ஒடுக்கமாகவும் கூரை தாழ்வாகவும் இருப்பதற்குக் காரணம் இந்த அகலமும் வழியிலுள்ள பாலங்களின் உயரமும்தான்.

அதனால் உள்ளே ஒலி எப்படி இருக்கும்? தரையெல்லாம் கம்பளம், மெத்தை நாற்காலிகள், தலைக்கு மேலே தாழ்ந்த கூரை. எதிரொலி என்பதே இருக்காது. வயலின் வறண்டு கேட்கும், குரல் மிக நெருக்கமாகக் கேட்கும். பியானோ பல கப்பல்களில் டிஜிட்டல்தான். ஏசி காற்றிலும் அதிர்விலும் மரப் பியானோவின் சுருதி நிற்காது என்பதால் அதைக் குறையாகச் சொல்ல முடியாது. முன்வரிசையில் ஒலிபெருக்கி நேராகக் காதில் அடிக்கும். பின்வரிசையில் பார் இருக்கும். மெல்லிய இடம் வரும்போது பார்த்து காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கும். மூன்றாவது, நான்காவது வரிசையில், தூண் மறைக்காத நாற்காலி பார்த்து உட்காருங்கள். நூற்றைம்பதுக்கு மேல் பயணிகள் இருக்கும் கப்பலில் எல்லோருக்கும் மேடை தெரியும்படி இடம் கிடையாது. குழு வரும் இரவில் இரவுச் சாப்பாட்டின் இனிப்பைத் தியாகம் செய்தால் இடம் நிச்சயம்.

கப்பலின் பியானோக்காரர் வழக்கமாக மாலைத் தேநீருக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு முன் ஒன்று, ஒன்பது மணிக்கு மேல் ஒன்று என்று வாசிப்பார். கடைசிச் சுற்றில் பின்னணித் தாளத்தைப் போட்டுவிட்டுப் பழைய ஆங்கில, ஜெர்மன் பாட்டுகள். விருப்பப் பாட்டு கேட்பதாக இருந்தால் மாலைத் தேநீர் நேரத்தில் கேளுங்கள். அப்போது கூட்டமும் இருக்காது, அவருக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும்.

இன்று ஊரில் பார்க்க: மோட்சார்ட் 1783இல் இங்கே தங்கியிருந்தபோது சில நாட்களில் எழுதி முடித்ததுதான் 36ஆவது சிம்பொனி. 'லின்ஸ்' என்றே அதற்குப் பெயர். இசையமைப்பாளர் ப்ருக்னர் 1855 முதல் 1868 வரை ஆர்கன் வாசித்த பழைய பேராலயம் சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவரை அடக்கம் செய்திருப்பது ஊருக்கு வெளியே சாங்க்ட் ஃப்ளோரியன் மடாலயத்தில், ஆர்கனுக்கு நேர் கீழே. நிறுத்தம் ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் அங்கே போகாதீர்கள்.

மே 5, திங்கள். மெல்க், ட்யூர்ன்ஸ்டைன்

மெல்க் முதல் கிரெம்ஸ் வரை சுமார் 36 கிலோமீட்டர், வாஹாவ் பள்ளத்தாக்கு. இந்தப் பகுதியில் அணை கிடையாது, ஆறு தன் போக்கில் ஓடும். நீரோட்டத்தோடு போகும் கப்பல் இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடும். எதிர்த்து ஏறினால் மூன்று மணி நேரம் வரை ஆகும். திராட்சைச் சரிவுகளை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் புடாபெஸ்டில் ஏறிப் பாசாவில் இறங்கும் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். விலை பெரும்பாலும் ஒன்றுதான். ஏனோ இதை யாரும் சொல்வதில்லை.

அணை இல்லாததுதான் இங்கே சிக்கலும். மழை குறைந்த கோடையின் பிற்பகுதியிலும் இலையுதிர் காலத்திலும் நீர் வற்றினால் கப்பல் முதலில் தரை தட்டும் இடங்களில் இது ஒன்று. வியன்னாவுக்குக் கிழக்கே இன்னொன்று, பாசாவுக்கு மேலே ஸ்ட்ராவ்பிங்–ஃபில்ஸ்ஹோஃபென் பகுதி மற்றொன்று. நீர் கூடினால் வேறு விதமான தொல்லை: பாலத்தின் அடியில் இடம் போதாது, குறித்த அளவைத் தாண்டினால் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். 2013 ஜூனில் பாசாவில் ஆறு 12.89 மீட்டருக்கு ஏறியது. 2024 செப்டம்பர் வெள்ளத்திலும் கப்பல்கள் நடுவழியில் நின்றன. அப்படி நடந்தால் பயணிகளைப் பேருந்தில் ஏற்றி அடைப்புக்கு மறுபக்கம் நிற்கும் இன்னொரு கப்பலுக்கு மாற்றுவார்கள். பியானோக்காரர் பழைய கப்பலோடு தங்கிவிடுவார். உள்ளூர்க் குழுக்களின் நாளும் கலைந்துபோகும். பயணக் காப்பீடு எடுக்கும்போது திட்டம் மாறினால் எதற்கு ஈடு கிடைக்கும் என்ற பிரிவைப் படியுங்கள். கப்பல் மாற்றத்தைப் பல நிறுவனங்கள் ரத்தாகக் கணக்கில் எடுப்பதில்லை.

தாழ்ந்த பாலம் வரும்போது மாலுமி அறையே ஹைட்ராலிக்கில் கீழே இறங்கும். மேல்தளத்தின் கைப்பிடிகளையும் நிழற்குடைகளையும் மடக்குவார்கள், பயணிகளை இறங்கச் சொல்வார்கள். சொன்னதும் இறங்கிவிட வேண்டும். எழுந்து நின்றால் தலை இடிக்கும் உயரத்தில்தான் பாலம் வரும்.

ட்யூர்ன்ஸ்டைன் மலைக்கோட்டையில்தான் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192 குளிர்காலத்தில் சிறை வைத்தார்கள். ப்ளொண்டல் என்ற பாணர் கோட்டை கோட்டையாகப் பாடிக்கொண்டே போய் அவரைக் கண்டுபிடித்தார் என்பது கதை மட்டுமே. ஏறி இறங்க ஒரு மணி நேரம், கால்பிடிப்புள்ள செருப்பு அவசியம்.

மே 6, செவ்வாய். வியன்னா

துறை ரைஷ்ஸ்ப்ரூக்கே பாலத்தை ஒட்டியது. ஃபோர்கார்ட்டென்ஷ்ட்ராஸே நிலையத்துக்கு நடந்து, யு1 ரயில் பிடித்தால் ஐந்தாவது நிறுத்தம் கார்ல்ஸ்பிளாட்ஸ். அங்கிருந்து அரசு ஓபராவுக்கும் முஸிக்ஃபெரைன் கச்சேரி அரங்குக்கும் நடை தூரம்தான். இதற்குக் கப்பலின் பேருந்து தேவையே இல்லை.

கப்பலில் விற்கும் "வியன்னா கச்சேரி" என்ன என்று தெரிந்து வாங்குங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு வாத்தியக் குழு, ஒரு சோப்ரானோ (உச்சஸ்தாயிப் பாடகி), ஒரு நடன ஜோடி. ஒன்றேகால் மணி நேரம் மோட்சார்ட்டும் ஸ்ட்ராஸும். வாசிப்பு மோசமாக இருக்காது, ஆனால் முழுக்கச் சுற்றுலாவுக்கென்றே செய்தது. போக்குவரத்தும் வழிகாட்டியும் சேர்ந்த விலை அது. அதே அரங்கின் டிக்கெட்டை நேரடியாக வாங்கினால் என்ன ஆகும் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். விக் வைத்து, மோட்சார்ட் வேஷத்தில் ஓபரா வாசலில் நின்று டிக்கெட் விற்பவர்களிடம் எதையும் வாங்க வேண்டாம்.

அரசு ஓபராவில் நின்று பார்க்கும் இடங்கள் உண்டு. காட்சி நாளன்றே விற்பனை, விலை ஒரு நல்ல காபிக் கடைச் செலவுக்குள் முடிந்துவிடும். உள்ளே போனதும் முன்கம்பியில் கைக்குட்டையோ துப்பட்டாவோ கட்டினால் அந்த இடம் உங்களுடையது. இடைவேளைக்குப் போய்வந்தாலும் யாரும் தொட மாட்டார்கள். ஓபரா பருவம் செப்டம்பர் முதல் ஜூன் வரை. ஜூலை, ஆகஸ்டில் வந்தால் இது கிடையாது. புறப்படும் முன் கப்பல் எப்போது கிளம்புகிறது என்பதை மட்டும் மீண்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வியன்னாவில் இரவு தங்கும் திட்டம் என்றால்தான் முழு ஓபரா சாத்தியம்.

மே 7, புதன். வியன்னா

ட்ராம் 71 மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். இரண்டாம் வாசலில் இறங்கினால் 32ஏ பிரிவு, இசையமைப்பாளர்களின் கல்லறைகள்: பேத்தோவன், ஷூபர்ட், ப்ராம்ஸ், ஸ்ட்ராஸ்.

இந்த ஆற்றின் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் ஞாபகம் வரும் 'நீல டான்யூப்' வால்ட்ஸ் 1867 பிப்ரவரி 15 அன்று முதலில் ஒலித்தது ஆண்கள் பாடும் கூட்டுப்பாட்டாக. கப்பலில் தினம் ஒருமுறையாவது இது வரும். ஆறு நீலமாக இல்லை. இன் நதி பாசாவில் கொட்டும் பனிமலை உருகுநீரால் மே மாதத்தில் பச்சையும் சாம்பலுமாகத்தான் ஓடுகிறது.

இரவு கப்பலுக்கே வந்த குழு அரைமணி நேரம் தாமதம். காரணம் வேடிக்கை. எங்களுக்கும் கரைக்கும் நடுவே இன்னொரு கப்பல். வாத்தியக்காரர்கள் அதன் வரவேற்பறை வழியாகத்தான் வர வேண்டும்; டபுள் பாஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியம் அந்தக் குறுகிய கதவில் திரும்பவில்லை. பெட்டியைக் கழற்றி, வாத்தியத்தைச் சாய்த்து, இருவர் தூக்கி வந்தார்கள்.

மே 8, வியாழன். பிராட்டிஸ்லாவா

துறையிலிருந்து பழைய நகரம் சில நிமிட நடை. பின்னாளில் பியானோ மேதையான லிஸ்ட் 1820இல் ஒன்பது வயதில் வாசித்த மாளிகை இங்கேதான் இருக்கிறது. கப்பல் சீக்கிரம் கிளம்புவதால் இன்றிரவு பியானோ மட்டும். ஊருக்குக் கீழே காப்சிகோவோ லாக், வழியிலேயே பெரியது. தொட்டி 275 மீட்டர் நீளம், 34 மீட்டர் அகலம். இரவில் வந்தாலும் விழித்திருந்து பாருங்கள். ஜன்னலில் ஈரக் கான்கிரீட் சுவர் மேலே ஏறிக்கொண்டே போகும்.

சைவச் சாப்பாடு பற்றிக் கேட்பவர்களுக்கு: "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது. முட்டை கூடாது என்றால் தனியாகச் சொல்ல வேண்டும். ஆஸ்திரியாவில் தெளிந்த சூப் பெரும்பாலும் மாட்டெலும்பு வேகவைத்த நீர்தான். மேலே மிதப்பது வெறும் அப்பத் துண்டு என்று ஏமாற வேண்டாம். முதல் நாளே சமையல் தலைவரிடம் எழுதிக் கொடுத்தால் தனியாகச் செய்து தருவார்கள். சாப்பாட்டு மேசையில் சொன்னால் வேகவைத்த காய்தான் வரும்.

இந்திய பாஸ்போர்ட்டில் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி என்ற இந்த நான்கு நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா, ஒருமுறை நுழைவு போதும். பெல்கிரேடு வரை போகும் கப்பல் என்றால் செர்பியா ஷெங்கனுக்கு வெளியே. பலமுறை நுழைவு கேட்டு வாங்காவிட்டால் திரும்ப உள்ளே வர முடியாது. விண்ணப்பம் அதிக இரவுகள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்கு. நிறுவனத்தின் கடிதத்தில் எந்த இரவு எந்த ஊரில் என்று தேதிவாரியாக இருக்கட்டும்.

மே 9, வெள்ளி. புடாபெஸ்ட்

இருட்டியபின் நகருக்குள் கப்பல் நுழையும்போது மேல்தளத்துக்குப் போங்கள். நாடாளுமன்றம் ஒரு பக்கம், அரண்மனை மறுபக்கம், இரண்டும் விளக்கொளியில். அதே நேரத்தில் லவுஞ்சில் பியானோ இருக்கும். அதைத்தான் வாரம் முழுக்கக் கேட்டாயிற்றே. காற்று குளிரும், மே மாதத்திலும் ஸ்வெட்டர் வேண்டும்.

ஹங்கேரியக் குழு இன்று சிம்பலோம் கொண்டுவந்தது. சந்தூருக்கு உறவு: கம்பிகளைப் பஞ்சு சுற்றிய குச்சிகளால் தட்டுவார்கள். 1874இல் ஷுண்டா என்ற புடாபெஸ்ட் வாத்தியத் தயாரிப்பாளர் காலும் மிதியும் வைத்துப் பெரிதாக்கிய வடிவம்தான் மேடைகளில் வழங்குவது. கப்பலுக்கு வருவது பெரும்பாலும் எடை குறைந்த சிறிய வகை. மிதி இல்லாததால் சில இடங்களில் வாசிப்பவர் உள்ளங்கையால் கம்பியை அமுக்கி ஒலியை நிறுத்துவது தெரியும். அதைப் பார்க்கவாவது முன்னால் உட்காருங்கள். இந்த ஒரு வாத்தியத்துக்கு மூன்றாவது வரிசை விதி பொருந்தாது.

வந்து வாசித்துப் போகும் குழுவுக்குக் கப்பலின் பொது டிப்ஸ் பெட்டியில் போடும் பணம் போகாது. அவர்கள் விற்கும் சிடியை வாங்குங்கள், அல்லது கையில் யூரோவாகக் கொடுங்கள்.

மே 10, சனி. இறங்குதல்

பெட்டிகள் காலையிலேயே அறைக்கு வெளியே இருக்க வேண்டும். நிற வாரியாக அடையாளச் சீட்டு கொடுத்திருப்பார்கள். வழிகாட்டிக் குரல் கேட்கும் ஹெட்செட்டை அறையின் சார்ஜரிலேயே விட்டுச் செல்லவும், எடுத்துப் போனால் கணக்கில் ஏறும். விமான நிலையத்துக்கு டெயாக் சதுக்கத்திலிருந்து 100இ பேருந்து. அதற்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும், சாதாரண நகரப் பயணச்சீட்டு செல்லாது.