துடைப்பம் எடுப்பதற்கு ஓர் அனுமதிக் கடிதம்

எங்கள் குடியிருப்புக்கு நடுவே இருக்கும் பூங்காவை ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே பெருக்கிக்கொள்ளவும், உதிர்ந்த இலைகளை உரமாக்கவும், சில மரக்கன்றுகள் நடவும் மாநகராட்சியிடமிருந்து எழுத்து மூலமான அனுமதி பெறுவதற்கு 2023 அக்டோபர் முதல் 2024 ஜூலை வரை ஆயிற்று. தமிழ்நாட்டில் அது எந்த மாநகராட்சி என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அனுமதியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதே படிகளில்தான் மறுபடியும் ஏறியாக வேண்டும்.

உண்மையைச் சொல்வதானால், தொடக்கத்தில் தவறு எங்களுடையதுதான். பதினோரு பேர் சேர்ந்து, யாரையும் கேட்காமல், ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்குத் துடைப்பமும் கூடையுமாகப் பூங்காவுக்குள் இறங்கிவிட்டோம். எட்டு மணிக்குள் இடம் பளிச்சென்று ஆனது. குவித்த இலைக்கு எங்களில் ஒருவர் தீ வைத்துவிட, மறுநாளே துப்புரவு ஆய்வாளர் வந்து நின்றார். தோட்டக் கழிவை எரிக்கக் கூடாது என்பது 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது என்று அவர் சொன்னபோது மறுத்துப் பேச எங்களிடம் எதுவும் இல்லை. அடுத்து அவர் கேட்டதுதான் எங்களைப் பத்து மாதம் அலையவிட்டது: “சார், உள்ளே வேலை செய்ய உங்களுக்கு யார் பர்மிஷன் கொடுத்தது?”

மண்டல அலுவலகத்தில் பூங்காக்களைத் தத்தெடுப்பதற்கென்று ஒரு படிவம் இருந்தது. அதை வடிவமைத்தவர் மனத்தில் பெரிய நிறுவனங்கள் மட்டுமே இருந்திருக்க வேண்டும். சென்னை மயிலாப்பூரில் லஸ் பகுதியிலுள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவைச் சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனம் நெடுங்காலமாக நன்றாகப் பராமரித்துவருகிறது; அப்படிப்பட்ட ஏற்பாட்டுக்கு மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்கும், ஆண்டுக்கு எவ்வளவு செலவிடுவீர்கள் என்ற உறுதிமொழியும் கேட்பது நியாயம்தான். எங்களிடம் இருந்தவையோ பதினோரு துடைப்பங்களும் ஒரு மண்வெட்டியும். ‘பண உதவி’ என்ற கட்டத்துக்கு எதிரே ‘உடல் உழைப்பு மட்டும்’ என்று எழுதினோம். பதிவு செய்யப்பட்ட சங்கத்தின் பெயரில் கொடுத்தால்தான் படிவத்தையே வாங்குவோம் என்றார்கள். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதிவு செய்துவிடலாம். எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் முன்பே பதிவானதுதான், ஆனால் நான்கு ஆண்டுகளாக ஆண்டறிக்கை தாக்கல் செய்யப்படாமல் கிடந்தது. தாமதக் கட்டணம் கட்டிச் சரிசெய்தோம்.

இதற்குப் பிறகு வந்ததுதான் எங்களில் யாரும் எதிர்பாராதது. விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த எழுத்தர், மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தட்டச்சுப் பட்டியலை எடுத்து விரலால் மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டிவிட்டு, “இப்படி ஒரு பூங்கா எங்களிடம் இல்லையே” என்றார். பூங்காவில் மாநகராட்சியின் பெயரெழுதிய பலகை இருக்கிறது, சறுக்குமரம் இருக்கிறது, தினமும் காலையில் ஒரு பெண்மணி செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறார், அவருக்கு ஒப்பந்ததாரர் வழியாகச் சம்பளம் போகிறது. இவ்வளவையும் சொன்னோம். “பலகை யார் வேண்டுமானாலும் வைக்கலாம் சார்” என்பதே பதில். அதை எழுதிக் கொடுங்கள் என்றால், அது மட்டும் முடியாதாம். மூன்று முறை போனோம். முதல் இரண்டு முறையும் விண்ணப்பத்தைத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரையிட்ட ஒப்புதலும் ந.க. எண்ணும் (வந்த காகிதத்தைப் பதிவு செய்து அலுவலகம் தரும் எண்) வாங்காமல் நேராக மேசையில் வைத்துவிட்டு வந்தது எங்கள் அறியாமை. ந.க. எண் இல்லாத காகிதத்தை எந்த அலுவலகத்திலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. மூன்றாவது முறை போனபோது முதல் விண்ணப்பமே காணவில்லை.

வேறு வழியின்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போட்டோம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ‘எங்கள் பூங்கா ஏன் பட்டியலில் இல்லை’ என்று கேட்டால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆகவே ஆவணங்களின் நகல்களை மட்டும் கேட்டோம்: வார்டில் மாநகராட்சி பராமரிக்கும் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளி ஒதுக்கீட்டு இடங்கள் ஆகியவற்றின் பட்டியல், தோட்டப் பராமரிப்புக்கான ஒப்பந்த ஆணை, அதில் இணைக்கப்பட்ட இடங்களின் அட்டவணை. முப்பது நாள் கெடுவில் இருபத்தெட்டாவது நாள் உறை வந்தது. ஒப்பந்த ஆணையின் அட்டவணையில் எங்கள் பூங்கா இருந்தது, ‘மேல்நிலைத் தொட்டி எதிரில் உள்ள காலியிடம்’ என்ற பெயரில். அந்த மேல்நிலைத் தொட்டியை இடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வெற்றிவீரர்களைப் போல மண்டல அலுவலகத்துக்குப் போனோம். உதவிப் பொறியாளர் பொறுமையாகப் படித்துப் பார்த்துவிட்டு, பராமரிப்பது வேறு, உடைமை வேறு என்றார். மனைப்பிரிவு போட்டபோது பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலத்தை உரிமையாளர் உள்ளாட்சி அமைப்பின் பெயருக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்; அதன் நகல் கோப்பில் இல்லை; இணையத்தில் பட்டாவைப் பார்த்தால் அது இன்னும் மனை விற்றவர் பெயரிலேயே இருக்கிறது. அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை என்பதுதான் கூடுதல் எரிச்சல். எங்கள் பகுதி 1980களில் ஊராட்சியாக இருந்தது. பிற்பாடு மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டபோது எந்தக் காகிதம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

இங்கே ஒரு நாள் முழுக்க வீணாயிற்று. அடுத்தவருக்காவது உதவட்டும் என்று விவரமாக எழுதுகிறேன். வில்லங்கச் சான்றில் தானப் பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் கிடைத்துவிட்டன. சான்றிட்ட நகல் வாங்குவதற்கு, எங்கள் ஊர் இப்போது எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கே, அலுவலகத்தில் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன். பதினொன்றரை மணிக்கு என் முறை வந்தபோது, இந்த அலுவலகம் பின்னால் பிரிக்கப்பட்டது, அதற்கு முந்தைய புத்தகங்கள் எல்லாம் தாய் அலுவலகத்தில்தான் இருக்கும் என்றார்கள். இரண்டு பேருந்து மாறி அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று ஐம்பது. நகல் பிரிவில் அன்றைக்கு ஆள் இல்லை. பழைய பத்திரத்தின் நகல் தேவைப்படுகிறவர்கள், எல்லை எது என்று கேட்காமல், பத்திரம் பதிவான ஆண்டில் அந்தப் புத்தகம் எந்த அலுவலகத்தில் இருந்தது என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. ஒன்பது நாள் கழித்து நகல் கைக்கு வந்தது. சாய்ந்த கையெழுத்தில், எல்லைகள் நான்கையும் குறித்துவிட்டு, ‘பொதுமக்கள் உபயோகத்துக்குப் பூங்காவுக்காக விடப்பட்ட 38 சென்ட்’ என்று ஊராட்சியின் பெயருக்கு எழுதியிருந்தது. எழுத்தர் தட்டச்சுப் பட்டியலை வைத்திருக்கும் அதே மேசையில் அதை விரித்து வைத்தபோது நான் அடைந்த மகிழ்ச்சியை வீட்டில் யாரும் புரிந்துகொள்ளவில்லை. (நாங்கள் நாடா பிடித்து அளந்ததில் 36 சென்ட்தான் வந்தது. அந்த இரண்டு சென்டில் யாருடைய கார் நிற்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அது இன்னொரு பத்து மாத வேலை.)

கோப்பு மேலே நகரத் தொடங்கிய வாரத்தில், 2024 மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. பூங்கா பெருக்குவதற்கும் நடத்தை விதிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டதற்கு, புதிதாக எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடமாட்டோம் என்றார்கள். தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிந்துவிட்டது. ஆனால் ஜூன் 4 அன்று வாக்கு எண்ணிக்கை முடியும்வரை கோப்பு உறங்கியது. ஜூன் மாதம் ஒப்பந்தத்துக்கென்று முன்பே வாங்கி வைத்திருந்த 20 ரூபாய் முத்திரைத் தாளோடு போனால், இடையில் அது 200 ரூபாயாக உயர்ந்திருந்தது. திரும்பி வந்தோம்.

இந்த இடைவெளியில் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விடக் கூடாது. முதலாவது, நன்கொடையாளர் ஒருவர் மனமுவந்து ஐம்பது மரக்கன்றுகளை அனுப்பிவைத்தார், எல்லாமே கோனோகார்பஸ். சீக்கிரம் பசுமையாகத் தெரியும் என்பதால் சாலை நடுவிலெல்லாம் வைத்த மரம்தான் அது. மகரந்தத்தால் ஒவ்வாமை வருகிறது, வேர் பரவிக் குழாய்களையும் புதைவடங்களையும் கெடுக்கிறது என்று காரணம் காட்டி 2023இலேயே குஜராத் அரசு அதைத் தடை செய்திருந்தது. எங்கள் குழுவில் தாவரவியல் படித்த பெண்மணி ஒருவர் இலையைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். கொடுத்தவரின் மனம் கோணாமல் ஐம்பதையும் திருப்பி அனுப்பியது, அலுவலகத்தில் கையெழுத்து வாங்குவதைவிடக் கடினமாக இருந்தது. பிறகு புங்கனும் நாவலும் மகிழமும் மட்டுமே நடுவது என்று முடிவு செய்தோம்.

இரண்டாவது, தண்ணீர் விடும் அந்த அக்காவைப் பற்றியது. நாங்கள் வணக்கம் சொன்னாலும் அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. முதலில் கூச்சம் என்று நினைத்தேன். ஒரு நாள் காலை குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு அவரே கேட்டார்: “நீங்கள்லாம் காசு வாங்காம பெருக்கினா என்னை எதுக்குப் பா வெச்சிருப்பாங்க?” நாங்கள் பெருக்குவதைச் சாக்காக வைத்து ஆளைக் குறைத்துவிடலாம் என்று ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் பேசியிருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. பதினோரு பேரில் ஒருவருக்கும் அதுவரை இது தோன்றவில்லை. அன்று மாலையே வரைவு ஒப்பந்தத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தோம்: தன்னார்வலர்களின் பணி கூடுதல் பணி மட்டுமே, அதைக் காரணம் காட்டிப் பூங்காவுக்கென்று ஒதுக்கிய பணியாளரின் எண்ணிக்கையோ வேலை நாட்களோ குறைக்கப்படக் கூடாது. இப்படி ஒரு பிரிவு மாதிரிப் படிவத்தில் இல்லை என்று எழுத்தர் மறுத்தார். இது இல்லாமல் கையெழுத்திடமாட்டோம் என்று நாங்களும் நின்றோம். இத்தனை மாதங்களில் நாங்கள் விட்டுக்கொடுக்காமல் நின்றது இந்த ஓரிடத்தில் மட்டும்தான். இரண்டு வாரம் கூடுதலாயிற்று, ஆனால் பிரிவு நின்றது.

கையெழுத்தாவதற்கு முன் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியவை இன்னும் சில உண்டு. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் மின் கட்டணம் யாருடையது, மோட்டார் அறையின் சாவி யாரிடம் இருக்கும், கிளை முறிந்து யார்மீதாவது விழுந்தால் பொறுப்பு யாருக்கு என்பவற்றை வாய்ப்பேச்சில் விட்டுவிட்டால், பின்னால் எல்லாம் தன்னார்வலர் தலையில்தான் வந்து விடியும். சாவியைப் பற்றி எழுத நாங்கள் மறந்துவிட்டோம். அதனால் ஜூலை மாத இறுதியில் அனுமதிக் கடிதத்தைக் கண்ணாடித்தாள் உறையிலிட்டு வாயிற்பலகைக்குக் கீழே மாட்டிவிட்டு உள்ளே போன முதல் ஞாயிறன்று தண்ணீர் இல்லை. மேற்பார்வையாளர் கைப்பேசியை எடுக்கவில்லை.

ஏழு மணிக்கு அந்த அக்கா வந்தார். அன்று அவருக்கு விடுமுறை. முந்தானை முடிச்சிலிருந்து மாற்றுச் சாவியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, என் கையிலிருந்த கடைப் பூந்துடைப்பத்தை ஒருமுறை பார்த்தார். “இதை வெச்சு எலையக் கூட்ட முடியாது” என்று சொல்லி, மோட்டார் அறைக்குள்ளிருந்து நீளக் கழி கட்டிய ஈர்க்குமாறு இரண்டை எடுத்து வந்து ஒன்றை என்னிடம் நீட்டினார்.