பூட்டிக் கிடந்த அம்பாசிடர்: செல்ஃப் அடிக்கும் முன்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் கொட்டகைகளில் இன்றும் அம்பாசிடர்கள் நிற்கின்றன. படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கோ ஊருக்கு வருகிறவர்கள் செய்யும் முதல் காரியம், புது பேட்டரியை மாட்டி செல்ஃப் அடிப்பது. நல்ல வண்டி கெடுவது அந்த நிமிடத்தில்தான். பிரேக்கை முதலில் முடியுங்கள், என்ஜின் அப்புறம்.

இந்த வறண்ட சீமையில் கடலோர ஊர்கள் அளவுக்குத் தகரம் அரிக்காது. வெயிலில் காய்ந்து சாவது ரப்பர். வயரை எலி கடித்திருக்கும், சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். டார்ச் அடித்து இரண்டையும் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தளமென்றால் ஜாக்கிக்கு அடியில் தடிமனான பலகை போட வேண்டும். இல்லாவிட்டால் கல் விரியும், சிந்திய ஆயிலின் கறையும் போகாது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம், சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டருக்குள் துருப்புள்ளிகளை உண்டாக்கி, பிஸ்டனை இறுக்கிவிடும். நாலு டிரம்மையும் கழற்றுங்கள். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சிலிண்டரின் உட்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். லேசான கீறல் என்றால் ஹோன் பண்ணி (உட்சுவரைத் தேய்த்து வழவழப்பாக்கி), புது ரப்பர் கிட் போடலாம். நகம் தட்டி நிற்கிற அளவு குழி இருந்தால் சிலிண்டரையே மாற்றுங்கள். புது ரப்பரையும் அந்தக் குழி கிழித்துவிடும். ரப்பரைப் பெட்ரோலில் கழுவுவதும் என்ஜின் ஆயில் தடவி மாட்டுவதும் பெரிய தப்பு, ரப்பர் ஊதிப் போகும். பிரேக் ஆயிலை மட்டுமே தொடவிடுங்கள். கடையில் பல வருஷம் கிடந்த கிட்டும் நம் வண்டி ரப்பர் மாதிரியே காய்ந்திருக்கும், வளைத்துப் பார்த்து வாங்குங்கள்.

பிரேக் ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்தால் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பாது, சக்கரம் பிடித்தபடியே நிற்கும். அதனால் எல்லா ஹோஸையும் மாற்றிவிடுவதே சரி. ஏர் எடுக்கும்போது (பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது), பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின்சக்கரத்தில் தொடங்கி, வலது பின், இடது முன், வலது முன் என்று வாருங்கள். ஒரு லிட்டர் டாட் 3 ஆயில் கையில் இருக்கட்டும்.

என்ஜினுக்கு வருவோம். பழைய 1489 சிசி பெட்ரோல் என்ஜினில் வால்வு திறந்த நிலையில் நின்றுபோன சிலிண்டருக்குள் ஈரம் இறங்கி, பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். பிளக் நாலையும் கழற்றி, துளைக்கு 10 மில்லி வீதம் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். பிறகு பிளக் இல்லாமலே ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். அசையவில்லையா, திரும்ப ஊற்றி ஊறவிடுங்கள்; பலம் காட்டினால் ரிங் உடையும். ராக்கர் மூடியைத் திறந்து, சுற்றும்போது எட்டு வால்வும் ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். ஒன்று ஒட்டியிருந்தாலும் புஷ்ராடு வளையும். ராக்கர் இடைவெளி 15 தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளியும் 15 தௌ, பிளக் இடைவெளி 25 தௌ. பழைய ஆயிலை இறக்கி 20டபிள்யூ-40 என்ஜின் ஆயில் நிரப்பி, பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் வந்த பிறகுதான் பிளக்கை மாட்டவேண்டும்.

டேங்கில் இருப்பது இப்போது பெட்ரோல் அல்ல, பிசின். டேங்கைக் கழற்றி இறக்கிக் கழுவி நன்றாகக் காயவையுங்கள். கார்புரேட்டர் ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். இன்று பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ஹோஸையும் பம்ப் டயாஃப்ரமையும் அது கெடுக்கும். இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். நம் நாட்டில் 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனது. அதற்கு முந்தைய என்ஜினின் ஹெட்டைப் பிரித்தால், ஈயமில்லாத பெட்ரோலில் தேயாதபடி எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கெட்டியான சீட் போட்டுவிடுங்கள்.

ரேடியேட்டரை அலச முற்றத்து அண்டாவில் பிடித்த மழைத்தண்ணீர் அருமையானது. போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். அலசிய பிறகு கூலன்ட்தான் ஊற்ற வேண்டும்.

டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) நிறைய இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். மூன்று இலக்கம்தான் இருக்கிறதென்றால் அது 2000-க்கு முந்தைய டயர்.

முதல் ஓட்டம் தெருவோடு போதும். திரும்பி வந்ததும் நாலு டிரம் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தின் ஷூ அட்ஜஸ்ட்மென்ட்டைத் தளர்த்துங்கள். அப்போதும் கொதித்தால் சிலிண்டரை மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.