ஐந்து பாகம், ஒரே மேடை

ஆடிப்பெருக்கு. காவிரிப் படித்துறையில் கட்டுச்சோற்றைப் பிரித்ததும் பேச்சு 'பொன்னியின் செல்வன்' நாடகத்துக்குப் போய்விட்டது. கதை தொடங்குவதே ஆடிப் பதினெட்டில், வீராணம் ஏரிக்கரையில்தானே!

கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியது. அந்த ஐந்து பாகத்தையும் ஒரே ராத்திரிக்குள் அடக்கப் பார்த்தது மேஜிக் லேன்டர்ன் குழு. 1999இல் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியில் போட்டார்கள். நாடகமாக்கியவர் குமரவேல், இயக்கம் பிரவீண். எதை விடுவது என்று குமரவேல் எத்தனை நாள் தூங்காமல் இருந்தாரோ! 2014இல் மறுபடி மேடையேறியபோது அரங்க அமைப்பு தோட்டா தரணி. அப்புறம் மணிரத்னம் படமெடுத்தபோது திரைக்கதையிலும் குமரவேல் இருந்தார்.

கும்பகோணத்துக்காரர்களான எங்களுக்கு ஒரே கவலைதான்: குடந்தை சோதிடரை வெட்டிவிடக் கூடாது.

எனக்கு இன்னொன்றும் உண்டு, குதிரை. கல்லூரியில் நாங்கள் ஒரு காட்சி போட்டபோது, குதிரையில் வரவேண்டிய நாயகன் வந்தியத்தேவனுக்குக் கிடைத்தது சைக்கிள். பயல் பாதியில் வசனத்தை மறந்துவிட்டு, பெல்லை அடித்துக்கொண்டே உள்ளே போய்விட்டான்.