ஒரே பெயரில் இரண்டு நிதி: இசை உதவித்தொகையும் மூளைக்கட்டி ஆய்வும்

பாடியவரோ வாசித்தவரோ ஒருவர் மூளைக்கட்டியால் போய்விட்டால், பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் வீட்டில் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள்: "அவர் பேரில் ஒரு டிரஸ்ட் வைப்போம். பாட்டு படிக்கிற பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுப்போம், இந்த நோய்க்கான ஆராய்ச்சிக்கும் கொடுப்போம்." நல்ல எண்ணம்தான். இரண்டையும் ஒரே பத்திரத்தில் எழுதலாம். ஆனால் ஒரே கணக்கில், ஒரே வேகத்தில் இரண்டும் நடக்காது. தொடங்கிய சில ஆண்டுகளில் இப்படிப்பட்ட அறக்கட்டளைகள் தூங்கிப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பணம் முதல் வாரமே வரத் தொடங்கிவிடும். மகனின் எண்ணுக்கோ மருமகளின் எண்ணுக்கோ ஜிபே செய்வார்கள். அறக்கட்டளை அப்போது பதிவே ஆகியிருக்காது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவருடைய கணக்கில் ஓராண்டில் ரூ.50,000-க்கு மேல் சேர்ந்தால், அந்த முழுத்தொகையும் அவருடைய வருமானமாகக் கருதப்படும். பின்னால் டிரஸ்டுக்கு மாற்றினாலும் அந்த வரி போகாது. கொடுத்தவர்களுக்கு 80ஜி சலுகையும் (நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு) கிடைக்காது, ஏனென்றால் பதிவுக்கு முந்தைய நன்கொடைக்கு அது செல்லாது. அந்த நாட்களில் வருகிறவர்களை ஏற்கெனவே இயங்கும் ஒரு மருத்துவமனைக்கோ இசைக் கல்லூரிக்கோ நேரடியாகக் கொடுக்கச் சொல்வதே சரி. அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் பின்னாலும் இப்படி ஓர் இழப்பு உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடி, 1954-இல் அதைத் தொடங்கினார். அவசரப்படத் தேவையில்லை.

இனி பத்திரம். தமிழ்நாட்டில் பொது அறக்கட்டளைப் பத்திரத்தை சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் போதும். சங்கமாகப் பதிவு செய்வதென்றால் ஏழு பேர் வேண்டும், ஆண்டுதோறும் பொதுக்குழு நடத்த வேண்டும். குடும்பத்துக்கு டிரஸ்ட்தான் ஏற்றது. ஆனால் அறங்காவலர்களில் வீட்டுக்கு வெளியே இரண்டு பேராவது இருக்கட்டும். ஒருவர் இசைக்காரர், ஒருவர் நரம்பியலோ புற்றுநோயோ தெரிந்த மருத்துவர்.

நோக்கங்கள் பகுதியில்தான் தவறுகள் குவியும். "எங்கள் சமூகத்து மாணவர்களுக்கு" என்று ஒரு வரி நுழைந்தால் வரிவிலக்கே போய்விடும். ஒரு குறிப்பிட்ட சாதியினருக்கோ மதத்தினருக்கோ மட்டும் பயன்தரும் அறக்கட்டளைக்கு வருமான வரிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு விலக்குத் தருவதில்லை (பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் இதற்கு விதிவிலக்கு). நிறுவனரின் உறவினர்களுக்கும் பணம் போகக் கூடாது. பேத்தி எவ்வளவு நன்றாக வயலின் வாசித்தாலும் தாத்தா பேரில் உள்ள உதவித்தொகை அவளுக்கு இல்லை. "உலகெங்கும் உள்ள ஆய்வுக்கு" என்றும் எழுதாதீர்கள். இந்தியாவுக்கு வெளியே செலவிடும் தொகை பொதுவாக விலக்குக் கணக்கில் வராது. பத்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்ற பிரிவும், டிரஸ்ட் கலைந்தால் சொத்து இதே நோக்கமுள்ள இன்னோர் அறக்கட்டளைக்குப் போகும் என்ற பிரிவும் கட்டாயம் வேண்டும். நோக்கத்தைப் பிறகு மாற்றினால் 30 நாட்களுக்குள் வருமான வரித்துறையில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அதனால் முதலிலேயே 'கல்வி', 'மருத்துவ உதவி', 'மருத்துவ ஆய்வு' மூன்றையும் அகலமாக எழுதிவிடுங்கள்.

பத்திரம், பான், வங்கிக் கணக்கு, அப்புறம் வரிவிலக்குப் பதிவு கேட்கும் படிவம் 10ஏ. இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் மூன்று ஆண்டுக்குத் தற்காலிகப் பதிவு கிடைக்கும். பணி தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே, எது முந்துகிறதோ அப்போது, படிவம் 10ஏபி போட்டு முறையான பதிவு கேட்க வேண்டும். மறந்துபோவது இதைத்தான். நான் சொல்லும் எண்களெல்லாம் 1961 சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், பிரிவு எண்களையும் படிவ எண்களையும் ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

80ஜி ரசீது என்றதும் கொடுப்பவர்கள் ரொக்கத்தை நீட்டுவார்கள். ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. புதிய வரி முறையில் இருப்பவருக்கு எப்படிக் கொடுத்தாலும் இல்லை. மூலநிதிக்கென்று, அதாவது தொடாமல் வைத்து வட்டியை மட்டும் செலவிடுவதற்கென்று, வரும் தொகைக்கு, கொடுப்பவரிடமே "இது மூலநிதிக்கு" என்று எழுதி வாங்குங்கள். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அது சாதாரண வருமானம். பிப்ரவரியில் வந்த பத்து லட்சத்தில், விதிப்படி அந்த ஆண்டே செலவிட வேண்டிய 85 சதவீதத்தை மார்ச் 31-க்குள் எப்படிச் செலவழிப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள நேரிடும். வெளிநாட்டுச் சொந்தங்களிடம் கடவுச்சீட்டின் நகலைக் கேளுங்கள். துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். கனடாக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் (எஃப்சிஆர்ஏ) அனுமதி இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

இப்போது கணக்கு. மூலநிதி ரூ.25 லட்சம், வட்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ரூ.1,75,000. இரண்டு மாணவர்களுக்கு மாதம் ரூ.3,000 வீதம் ரூ.72,000. தணிக்கை, தேர்வு நாளுக்கு நடுவர்களின் பயணம், சில்லறைச் செலவு எல்லாம் போனால், செலவிடாமல் வைத்துக்கொள்ளக்கூடிய 15 சதவீதத்தை ஒதுக்கிய பிறகு ஆய்வுக்கு ரூ.60,000 மிஞ்சினாலே அதிகம். 2023 முதல் மத்திய அரசு வரையறுத்த இளநிலை ஆய்வாளர் ஊதியம், வீட்டு வாடகைப் படி சேர்க்காமல், மாதம் ரூ.37,000. உங்கள் ஓராண்டுத் தொகை ஓர் ஆய்வாளரின் இரண்டு மாத ஊதியத்துக்கும் எட்டாது. ஆகவே உதவித்தொகையை நீங்களே நடத்துங்கள், ஆய்வை ஒருபோதும் நீங்களே நடத்த முயலாதீர்கள்.

உதவித்தொகையில் உங்கள் சிறிய தொகை நிஜமாகவே வேலை செய்யும், இடம் பார்த்துப் போட்டால். மத்திய அரசின் கலாசாரப் பயிற்சி மையமான சிசிஆர்டி தரும் உதவித்தொகை 10 முதல் 14 வயதுக்குள் சேர்பவர்களுக்கு. மத்திய கலாசார அமைச்சகம் இளம் கலைஞர்களுக்கு மாதம் ரூ.5,000 தருவது 18 முதல் 25 வயதுக்கு. நடுவில் 15, 16, 17 வயதில் புதிதாக விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு இந்த இரண்டிலும் வாசல் இல்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று வீட்டில் பாட்டை நிறுத்தச் சொல்லும் வயதும் அதுதான். உங்கள் உதவித்தொகை அந்த மூன்று ஆண்டுகளுக்கு இருக்கட்டும். இன்னொன்று: குரலிசையும் வயலினும் மட்டும் விண்ணப்பங்களில் நிரம்பிவிடும். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதசுரமும் தவிலும் படிக்கும் பிள்ளைகளிடம் அறிவிப்பு போய்ச் சேர்ந்தால்தான் விண்ணப்பம் வரும். பேஸ்புக்கில் போட்டுவிட்டுக் காத்திருந்தால் வராது, பள்ளிக்கே தபால் அனுப்புங்கள்.

முதல் சுற்றைப் பதிவு அனுப்பச் சொல்லி நடத்தலாம், நாதசுரத்துக்கும் தவிலுக்கும் மட்டும் வேண்டாம். கைபேசி மைக் அந்த ஒலியைத் தாங்காமல் நசுக்கிவிடும், நல்ல வாசிப்பும் கரகரப்பாகத்தான் கேட்கும். பாடுபவரிடம் இரண்டு காலத்தில் ஒரு வர்ணமும், சிறு ஆலாபனையோடு ஒரு கீர்த்தனையும் கேட்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். மிருதங்கக்காரரைத் தனி மட்டும் வாசிக்கவிட்டு மதிப்பெண் போடாதீர்கள், பாட்டுக்கு வாசிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பாடப்போகிறவரின் சுருதியை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஐந்து கட்டைச் சுருதிக்கான மிருதங்கத்தை ஒரு கட்டைச் சுருதிக்கு இறக்க முடியாது. இதைச் சொல்லாததால் நல்ல பையன் பொருந்தாத வாத்தியத்தோடு வந்து நிற்பதுண்டு. நடுவர் தன் மாணவர் வரும்போது எழுந்துபோக வேண்டும் என்பதை விதியாகவே எழுதுங்கள்.

மாதத் தொகையை மாணவரின் கணக்குக்கே அனுப்புங்கள், சிறுவர் என்றால் பெற்றோருடன் சேர்ந்த கணக்குக்கு. வாத்தியப் பராமரிப்பைத் தனித்தொகையாக, பில்லைப் பார்த்துக் கொடுங்கள். மிருதங்கத்துக்கு மூட்டு (தோல்) போடுவது, நாதசுரத்தில் ஊதும் சீவாளி, வயலின் தந்தி எல்லாம் ஆண்டு முழுக்க வரும் செலவு. கச்சேரி ஆரம்பித்துவிட்ட பிள்ளைக்குப் பாடக் கட்டணத்தைவிட இதுதான் கனக்கும்.

ஆய்வுக்கு வருவோம். கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டிக்கு அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சோடு டெமோசோலமைடு மாத்திரை தரும் முறை 2005-இல் வெளியான ஓர் ஆய்வில் நிலைபெற்றது. அதில் இடைநிலை ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்தது. இன்றும் சிகிச்சையின் அடித்தளம் அதுவே. ரத்தத்திலிருந்து மூளைக்கு மருந்து போகவிடாத தடுப்பு, ஒரே கட்டிக்குள் வெவ்வேறு மரபுப் பிழைகளோடு இருக்கும் செல்கள் என்று இந்தத் தேக்கத்துக்குக் காரணங்கள் பல. இந்த நிலையில் ரூ.60,000-ஐ "மருந்து கண்டுபிடிக்க" என்று கொடுப்பதில் பொருளில்லை. அறுவையில் எடுத்த திசுவை உடனே உறைய வைத்து, மைனஸ் 80 டிகிரியில் காக்கும் திசு வங்கிக்குக் குப்பிகளும் திரவ நைட்ரஜனும் வேண்டும், விவரங்களைப் பதிவு செய்ய ஆள் வேண்டும். சிறிய தொகை அங்கே பயன்படும். 2021-இன் உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டுக்குப் பிறகு ஐடிஎச் போன்ற மரபணுச் சோதனைகள் இல்லாமல் பல கட்டிகளுக்குச் சரியான பெயரே வைக்க முடியாது. வசதியில்லாத நோயாளிக்கு அந்தச் சோதனைக் கட்டணத்தைக் கட்டலாம். அது ஆய்வு ஆகாது, மருத்துவ உதவி. பத்திரத்தில் மூன்றையும் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

எல்லாருக்கும் தோன்றும் யோசனை ஒன்று உண்டு: ஐந்து ஆண்டு சேர்த்துவைத்து, மொத்தமாக ஓர் ஆய்வு நிறுவனத்துக்குக் கொடுத்தால் என்ன? வருமான வரித்துறையில் படிவம் 10 கொடுத்து ஐந்து ஆண்டு சேர்க்கலாம். ஆனால் அப்படிச் சேர்த்த பணத்தை இன்னொரு பதிவுபெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் அது செலவாக ஏற்கப்படாது, உங்கள் வருமானமாகத் திரும்பிவரும். அந்தந்த ஆண்டு வருமானத்திலிருந்து கொடுத்தாலும் 85 சதவீதமே கணக்கில் வரும், அதாவது ரூ.60,000 கொடுத்தால் ரூ.51,000.  நன்கொடைகள் கூடும் ஆண்டில் இது நன்றாகவே உறைக்கும்.

ஆகவே ஒரே ஆய்வகத்துக்கு ஆண்டுதோறும் கொடுங்கள். இதே நோய்க்கென்று நிதி வைத்திருக்கும் வேறு குடும்பங்கள் இருந்தால் சேர்ந்து ஒரு பணியிடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள் இருக்க வேண்டும்: பணம் எந்தத் தலைப்பில் வரவு வைக்கப்படும், நிர்வாகக் கட்டணம் எத்தனை சதவீதம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண், பயன்பாட்டுச் சான்றிதழில் யார் கையெழுத்திடுவார். பணம் கைமாறிய ஆண்டில்தான் செலவு ஏறும். அதனால் நிறுவனத்தின் கோரிக்கைக் கடிதம் ஜனவரிக்குள் வரவேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள். மார்ச் 29-இல் கடிதம் வந்து, 31-ஆம் தேதி காசோலையில் கையெழுத்திட வேண்டிய அறங்காவலர் ஊரில் இல்லாமல் போனால் அந்த ஆண்டு போச்சு.